படகு இறங்கிய டிரெய்லரில் மண் ஏற்றிய கதை

மிச்சிகனில் தோட்டம் வைத்த வீடு வாங்கினால் கூடவே ஒரு டிரெய்லரும் தேவைப்படும் என்று எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. வசந்தம் வந்தால் செடிக்குப் போட மல்ச் (மரச்சீவல்), இலையுதிர் காலத்தில் கிளையும் சருகும், நடுவில் மண், செங்கல், பழைய சோபா. ஒவ்வொரு தடவையும் எங்கள் டொயோட்டா சியன்னா வேனின் பின் சீட்டைக் கழற்றி, பிளாஸ்டிக் விரித்து, மூட்டை மூட்டையாக அடுக்கிக் கொண்டுவந்தால் அடுத்த ஒரு மாதத்துக்கு வண்டிக்குள் ஈர மரவாடை. கோயிலுக்குக் கிளம்பி வெளுத்த வேட்டியோடு உட்கார்ந்தால் பின்பக்கம் பூராவும் மரத்தூள். "இது நாம போற வண்டியா, குப்பை வண்டியா, முதல்ல அதை முடிவு பண்ணுங்க" என்றாள் வீட்டுக்காரி. நியாயம்தான்.

புது டிரெய்லர் ஆயிரம் டாலருக்கு மேல் போகும். அப்போதுதான் ரெண்டு தெரு தள்ளி ஒரு பெரியவர் வீட்டில் புல்லுக்குள் புதைந்து கிடந்த படகு டிரெய்லர் கண்ணில் பட்டது. 14 அடி அலுமினியப் படகுக்கானது. படகு ஓட்டை விழுந்து பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது, டிரெய்லர் மட்டும் மிச்சம். இந்த மாநிலத்தில் தடுக்கி விழுந்தால் ஏரி, அதனால் படகு டிரெய்லருக்குப் பஞ்சமே இல்லை. 150 டாலர் கொடுத்தேன், வெள்ளைத் தாளில் விற்றதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இழுத்து வருவதிலேயே முதல் பாடம். என் வண்டியின் பின்னால் டிரெய்லரை மாட்டுகிற இரும்புப் பந்து 2 அங்குலம், அதன் மேல் கவிழ்ந்து உட்காருகிற டிரெய்லரின் கப்ளரில் அடித்திருந்த எண் 1 ⅞. உட்காரவே இல்லை. பெரிய பந்தில் சின்னக் கப்ளர் உட்காராது, அதோடு போச்சு. தலைகீழாக இருந்தால்தான் ஆபத்து. சின்னப் பந்தில் பெரிய கப்ளர் ஒழுங்காகப் பூட்டிக்கொண்ட மாதிரியே இருக்கும், ஒரு பள்ளத்தில் குலுங்கியதும் கழன்று எகிறிவிடும். பந்தை மாற்றிக்கொண்டு வந்து, நடக்கிற வேகத்தில் வீட்டுக்கு இழுத்து வந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலமே சக்கரத்தைப் பிரித்தேன், பிரித்தது நல்லதாகப் போயிற்று. மூடியைத் தட்டிக் கழற்றினால் உள்ளே கிரீஸ் இல்லை, மோர் இருந்தது. கெட்டியான, சாம்பல் நிற மோர். படகு டிரெய்லரின் வியாதியே இதுதான். ரோட்டில் ஓடி வந்த ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) சூடாக இருக்கும், அந்தச் சூட்டோடு ஏரித் தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கிற காற்று சட்டென்று சுருங்கும், சுருங்குகிற காற்று சீல் ரப்பரைத் தாண்டித் தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். வருஷக்கணக்கில் அப்படி உறிஞ்சியதில் பேரிங் உருளைகளில் புள்ளி புள்ளியாகத் துரு. உள்வளையத்தில் எல்44649 என்று பொறித்திருந்தது, அந்த எண்ணைச் சொன்னால் எந்தக் கடையிலும் கொடுத்துவிடுகிறார்கள், அவ்வளவு சகஜமான பேரிங். வெளிவளையத்தையும் சேர்த்தே மாற்றினேன். பழைய வளையத்தில் புது உருளையை ஓடவிட்டால் பழைய பள்ளம் புதியதையும் தின்றுவிடும்.

நட்டு முறுக்குவதில்தான் எல்லோரும் தப்புப் பண்ணுகிறார்கள், நானும் பண்ணினேன். கார் சக்கரம் மாதிரி பலமாக முறுக்கிவிட்டேன், சக்கரம் கையால் சுற்றினால் மறுத்தது. ஹப்பைச் சுற்றிக்கொண்டே கொஞ்சம் முறுக்கி உட்காரவைத்து, அப்புறம் நட்டைத் தளர்த்தி, வெறும் விரலால் மட்டும் மறுபடி நெருக்கி, ஓட்டைக்கு நேராக வந்ததும் பின்னைச் செருகி வளைத்துவிட வேண்டும். நம் மாட்டுவண்டிக் கடையாணி செய்கிற வேலையைத்தான் அந்தப் பின் செய்கிறது.

டயரைப் பார்த்தால் பட்டன் எல்லாம் அப்படியே இருந்தது, ஏமாந்திருப்பேன். பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும், முதல் ரெண்டு இலக்கம் வாரம், அடுத்த ரெண்டு இலக்கம் வருஷம். என்னுடையதில் 2309, அதாவது 2009-ம் வருஷத்தின் 23-ம் வாரம். பக்கமெல்லாம் பனைமரத்துப் பட்டை மாதிரி வெடிப்பு. 4.80-12 அளவில் ரெண்டு புது டயர் போட்டேன். ஒரு டயர் தாங்குவது 785 பவுண்டு, அதுவும் 60 பிஎஸ்ஐ காற்று முழுசாக இருந்தால்.

இனிமேல்தான் விஷயமே. படகு டிரெய்லருக்குத் தளம் கிடையாது. படகின் அடிப்பாகம் ஆங்கில வி மாதிரி இருப்பதால் குறுக்குச் சட்டங்களும் நடுவில் பள்ளமாக வளைந்திருக்கின்றன, மேலே கம்பளம் ஒட்டின ரெண்டு நீளக் கட்டை, ரப்பர் உருளை நாலு. பலகையை அப்படியே மேலே போட்டால் தொட்டில் மாதிரி ஆடும். உருளைகளையும் கம்பளக் கட்டைகளையும் கழற்றினேன். பாதி போல்ட்டு துருவில் ஒட்டி, அறுத்துத்தான் எடுத்தேன். பக்கச் சட்டங்கள் ரெண்டும் சமமாக இருந்ததால், அவற்றின் மேலே நீளவாக்கில் 2×6 அங்குலக் கட்டை ரெண்டு, அதன் மேல் குறுக்கே 2×4 ஐந்து, அதற்கு மேல் முக்கால் அங்குல பிளைவுட் ஒரு முழுத் தகடு. நாலடிக்கு எட்டடி தகட்டை அறுக்காமலே ரெண்டு சக்கரத்துக்கும் நடுவில் உட்காரவைக்க முடிந்தது என் அதிர்ஷ்டம்.

மழையில் நிற்கப்போகிற பலகை என்பதால் மருந்து ஏற்றிய மரம்தான். அந்த மருந்தில் இருக்கிற செம்பு சாதாரண ஆணியை அரித்துவிடும், அதனால் போல்ட்டு, வாஷர் எல்லாம் துத்தநாகத்தில் முக்கி எடுத்தவை. சட்டத்தில் ஓட்டை போடவில்லை, வெல்டிங்கும் வைக்கவில்லை. ஓட்டை போட்ட இடத்தில்தான் சட்டம் முதலில் விரிசல் விடும். வெல்டிங் எனக்குத் தெரியாது என்பது ஒரு பக்கம், துத்தநாகப் பூச்சு உள்ள இரும்பைச் சுட்டால் வருகிற புகையில் ஜுரமே வரும் என்று ஃபேக்டரியில் கூட வேலை செய்பவர் எச்சரித்தது இன்னொரு பக்கம். எல்லாமே யூ போல்ட்தான். நாளைக்கே பிரித்து மறுபடி படகு ஏற்ற வேண்டும் என்றாலும் ஒரு மதியத்தில் ஆகும்.

தளத்தைச் சட்டத்தின் மேல் கண்ணுக்கு அழகாக வருகிற இடத்தில் பூட்டிவிட்டு, பனிக்காலத்தில் பிக்கப் வண்டிகளின் பின்னால் பாரத்துக்குப் போடுகிற 60 பவுண்டு மணல் மூட்டை பத்தை வாங்கி வரிசையாகப் பரப்பினேன். சியன்னாவின் பின்புறம் தரையைத் தொடுகிற மாதிரி உட்கார்ந்துவிட்டது, முன் விளக்கு எதிர்வீட்டு மாடி ஜன்னலைப் பார்க்கிறது. பாரம் அதிகமோ என்று பார்த்தால் இல்லை, டிரெய்லரும் மணலும் சேர்த்து 1,100 பவுண்டுதான், டிரெய்லரில் அடித்திருக்கிற விவரத் தகட்டில் 1,500 என்று போட்டிருக்கிறது. சியன்னா 3,500 இழுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை, கோவில்பட்டிப் பக்கம் ஊரில் இருக்கிற அப்பாவுக்கு வீடியோ போட்டுப் பெருமையாகக் காட்டினேன். அவர் முப்பது வருஷம் மாட்டுவண்டி கட்டியவர். பலகையைப் பார்க்கவில்லை, பெயிண்டைப் பார்க்கவில்லை. "போனைக் கொஞ்சம் கீழ காட்டுலே" என்றார், சக்கரத்தைப் பார்த்தார். "அச்சு ரொம்பப் பின்னால கெடக்கு. முன்பாரம். மாடா இருந்தா கழுத்து புண்ணாயிரும்."

நான் ஆட்டோ கம்பெனியில் பொறியாளர் என்று சொல்லிக்கொள்கிறவன். யோசித்தால் அவ்வளவு லேசான விஷயம். படகில் எஞ்சின் பின்னால், பேட்டரி பின்னால், பெட்ரோல் டேங்க் பின்னால். அந்தப் பாரத்தைத் தாங்கத்தான் படகு டிரெய்லரில் அச்சைப் பின்னுக்குத் தள்ளி வைக்கிறார்கள். படகு போய்ப் பலகை வந்ததும் பாரம் நடுவுக்கு வந்துவிட்டது, அச்சு மட்டும் இன்னும் எஞ்சினுக்காகக் காத்திருக்கிறது.

ஆள் எடை பார்க்கிற குளியலறைத் தராசை எடுத்துவந்து, டிரெய்லரைச் சமதரையில் நிறுத்தி, ஏர்க்காலின் நுனியைத் தராசு மேல் ஒரு கட்டை வைத்து உட்காரவைத்தேன். (இங்கே அதற்கு நாக்கு என்று பேர்.) 210 பவுண்டு. மொத்த எடையில் 10-லிருந்து 15 சதவீதம்தான் நுனியில் இருக்க வேண்டும், எனக்கு 19. இதற்குப் பயந்து பாரத்தைப் பின்னால் தள்ளி ஏற்றினால் அது இன்னும் மோசம், நுனி எடை குறையக் குறைய வேகத்தில் டிரெய்லர் மீன் வால் மாதிரி ஆட ஆரம்பிக்கும், ஆரம்பித்தால் இழுக்கிற வண்டியையும் சேர்த்துச் சுழற்றும். நம் ஊரில் பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும், இங்கே நெடுஞ்சாலையில் எழுபது மைல் வேகத்தில் அதே கதை.

நல்லவேளை, இந்த டிரெய்லரில் ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் இரும்பே சட்டத்தோடு யூ போல்ட்டில்தான் பூட்டியிருந்தது. படகுக்குப் படகு எடை மாறும் என்பதால் தள்ளிக்கொள்ளும்படியே செய்திருக்கிறார்கள். மணலை இறக்கி, சட்டத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, போல்ட்டுகளைத் தளர்த்தி, அச்சு, ஸ்பிரிங், சக்கரம், மட்கார்டு எல்லாவற்றையும் ஒரே கட்டாகப் பத்து அங்குலம் முன்னால் நகர்த்தினேன். சொல்லும்போது ஒரு வரி, செய்யும்போது ஒரு சனிக்கிழமை. நகர்த்தியதைவிட நேராக நிறுத்துவதுதான் பாடு. கப்ளரிலிருந்து இடது சக்கர அச்சு நுனிக்கும் வலது நுனிக்கும் டேப் பிடித்து ரெண்டும் ஒரே அளவு வரும்வரை சுத்தியலால் தட்டித் தட்டி வைத்தேன். இல்லாவிட்டால் நண்டு மாதிரி ஒருக்களித்துக்கொண்டே ஓடும், டயர் ஒரு வருஷத்தில் போய்விடும். மறுபடி அதே பத்து மூட்டை, அதே தராசு. 145. சியன்னா நிமிர்ந்து நின்றது.

விளக்கு வேலை சின்னது என்று கடைசியில் வைத்தேன், அது ஒரு வாரம் தின்றது. நாலு கம்பிதான்: வெள்ளை எர்த், பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடது, பச்சை வலது. இடது இண்டிகேட்டர் போட்டால் வலதும் சேர்ந்து மங்கலாக மினுக்குகிறது, பிரேக் மிதித்தால் எல்லாமே அணைகிறது. பல்பை மாற்றினேன், சாக்கெட்டை மாற்றினேன், பிரயோஜனமில்லை. பழைய முறையில் எர்த்துக்குத் தனிக் கம்பி இல்லாமல் சட்டத்தின் இரும்பையே நம்பியிருந்தார்கள், துருவுக்குள் கரண்ட் எப்படித் திரும்பி வரும்? ஒவ்வொரு விளக்கிலிருந்தும் தனியாக வெள்ளைக் கம்பியை முன்னால்வரை இழுத்ததும் அந்த நிமிஷமே சரியாகிவிட்டது. டிரெய்லர் விளக்கு கோமாளித்தனம் பண்ணினால் முதலில் எர்த்தைப் பாருங்கள், பல்புக்குக் காசைக் கொட்டாதீர்கள்.

பாதுகாப்புச் சங்கிலி ரெண்டையும் ஏர்க்காலுக்கு அடியில் குறுக்காகப் பின்னிப் போட வேண்டும், கப்ளர் கழன்றாலும் நுனி ரோட்டில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் விழும். நம்பர் பிளேட்டுக்கு இங்கே செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகம் (நம் ஊர் ஆர்டிஓ மாதிரி) போனால் போதும், மிச்சிகனில் டிரெய்லர் பிளேட் ஒருமுறை வாங்கினால் வருஷாவருஷம் புதுப்பிக்கிற வேலையில்லை. 75 டாலர் கட்டினேன். 2,500 பவுண்டுக்குக் குறைந்த டிரெய்லருக்கு டைட்டில் என்கிற உரிமைப் பத்திரமும் தேவையில்லை என்பதால் பெரியவரின் கையெழுத்துத் தாளிலேயே முடிந்தது.

முதல் சவாரி ஒரு கன கெஜம் மல்ச். காய்ந்தது, ஜம்மென்று வந்தது. அந்தத் தைரியத்தில் அடுத்த வாரம் மண் வாங்கப் போனேன். லோடர் ஓட்டுகிற பையன் "ஒரு கெஜமா?" என்று கேட்டான், நானும் தலையை ஆட்டிவிட்டேன். பக்கெட் கவிழ்ந்ததும் ஸ்பிரிங் பட்டை வில்லாக இருந்தது நேர்க்கோடாகி, மட்கார்டு டயரில் உரசியது. ஒரு கெஜம் மண் ரெண்டாயிரம் பவுண்டு இருக்கும் என்பது மல்ச் மயக்கத்தில் மறந்துபோயிற்று. பின்னால் நாலு வண்டி காத்திருக்க, கடன் வாங்கிய மண்வெட்டியால் பாதிக்கு மேல் வாரி இறக்கினேன். காசு முழு கெஜத்துக்கும்தான். இப்போது பக்கப் பலகையில் உள்பக்கம் ரெண்டு கோடு போட்டிருக்கிறேன், மேல்கோடு மல்ச்சுக்கு, அடியிலிருந்து அஞ்சு அங்குலத்தில் கீழ்க்கோடு மண்ணுக்கு.

முன்னால் இருக்கிற, படகை இழுத்து ஏற்றுகிற கை வின்ச்சைக் கழற்றித் தூக்கிப்போட இருந்தேன், பக்கத்து வீட்டுக்காரர் தடுத்தார். அவர் சொன்னது சரி. 2002-ல் டெட்ராய்ட் பக்கம் முதலில் கண்டுபிடித்தார்களே பச்சை வண்டு, ஆஷ் மரங்களையெல்லாம் உள்ளிருந்தே அரித்துக் கொன்றது, அதற்குப் பலியான ஒன்று என் கொல்லையிலும் பட்டு நின்றது. வெட்டிப் போட்ட அடிமரத் துண்டுகளை ரெண்டு ஆள் சேர்ந்தாலும் தூக்க முடியாது. பலகையைச் சரிவாகச் சாய்த்து, வின்ச் பட்டையை மாட்டி, கைப்பிடியைச் சுற்றினால் படகு ஏறுகிற மாதிரியே மெதுவாக ஏறி வந்து உட்காருகிறது.

பின்னால் போகும்போதுதான் இன்னும் தடுமாற்றம். ஸ்டியரிங்கை அடியில் பிடித்துக்கொண்டு, டிரெய்லர் போக வேண்டிய பக்கம் கையை நகர்த்து என்பார்கள், கை கேட்கிறது, மூளை கேட்கவில்லை. தபால் பெட்டியை ஒருமுறை சாய்த்தாயிற்று. ஸ்டெப்னி இன்னும் வாங்கவில்லை, பனி விழுவதற்குள் வாங்க வேண்டும்.