மூன்று மில்லிமீட்டர் கூடுதல்: ஒரு நூல் அட்டையை அச்சுக்கு ஆயத்தம் செய்த அனுபவம்

நண்பர் ஒருவரின் கட்டுரைத் தொகுப்புக்கு அட்டை வடிவமைத்து, அச்சகத்துக்கு உரிய கோப்பாக்கித் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. டெமி அளவு, 160 பக்கங்கள், உள்ளே 70 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) மேப்லித்தோ தாள், அட்டைக்கு 300 ஜி.எஸ்.எம். ஆர்ட் கார்டு, பக்கங்களை முதுகில் பசையால் ஒட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங். கணினியில் ஒரு கோடு இழுப்பதற்கு முன்பே, சென்னை திருவல்லிக்கேணியில் இருந்த அந்த ஆஃப்செட் அச்சகத்தாரிடம் வெட்டிய பிறகு நூலின் அளவு என்ன, ப்ளீட், அதாவது வெட்டுக்கோட்டுக்கு வெளியே படம் நீளும் பகுதி, எவ்வளவு விட வேண்டும், முதுகின் தடிமன் எவ்வளவு வரும் என்று கேட்டுக்கொண்டேன். 140 × 216 மி.மீ., எல்லாப் பக்கமும் 3 மி.மீ. ப்ளீட் என்று உடனே சொன்னவர்கள், முதுகுக்கு மட்டும் அதே தாளில் டம்மி (அச்சிடாத மாதிரி நூல்) கட்டி அளந்து சொன்னார்கள்: 8 மி.மீ. முன்னட்டை, முதுகு, பின்னட்டை மூன்றும் ஒரே தாள் என்பதால் அகலம் 288 மி.மீ.; இருபுறமும் ப்ளீட் சேர்த்தால் 294. உயரம் 222.

கட்டிங் மெஷினில் நூல்களை அடுக்கி அழுத்தி வெட்டும்போது, கத்தி இறங்கும் இடம் அரை மில்லிமீட்டரோ ஒரு மில்லிமீட்டரோ நகர்வது இயல்பு. படம் வெட்டுக்கோட்டோடு நின்றுவிட்டால் அந்த நகர்வு வெள்ளைக் கீற்றாக விளிம்பில் தெரியும். அதனால்தான் படத்தைக் கோட்டுக்கு வெளியேயும் நீட்டுகிறோம். கோப்பின் மூலைகளில் இடும் கட்டிங் மார்க் என்ற சிறு கோடுகள் எங்கே வெட்ட வேண்டும் என்று காட்டுமே தவிர, இல்லாத படத்தை உண்டாக்கித் தராது. கோப்பை எக்ஸ்போர்ட் செய்யும் நேரத்தில் மார்க்கைச் சேர்த்துவிட்டால் போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது; ப்ளீட் வடிவமைப்பின் முதல் நாளிலேயே முடிவாக வேண்டிய விஷயம் என்பதே என் உறுதியான கருத்து.

அட்டை முழுவதும் பரவும் பனைமரப் படம் ஏற்கெனவே நெருக்கமாக வெட்டப்பட்டு வந்திருந்தது. விளிம்பைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி நீட்டிப் பார்த்தபோது ஓலைகள் செயற்கையாக இரட்டித்ததால், படம் எடுத்தவரிடமே வெட்டாத மூலத்தைக் கேட்டு வாங்கினேன். 294 மி.மீ. அகலத்துக்கு 300 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) என்றால் சுமார் 3,470 பிக்சல் தேவை. மூலத்தில் அதற்கு மேலேயே இருந்தது. விளிம்பிலிருந்து 4 மி.மீ. உள்ளே சுற்றிலும் மெல்லிய கட்டம் வேண்டும் என்று நண்பர் விரும்பினார். வெட்டு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் ஒருபுறம் 3, மறுபுறம் 5 என்று கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும் என்பதைத் தாளில் வரைந்து காட்டியதும் கட்டத்தைக் கைவிட இசைந்தார். தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் வெட்டுக்கோட்டிலிருந்து 6 மி.மீ.க்கு மேல் உள்ளே தள்ளி வைத்தேன்.

இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் யூனிகோட் தமிழ் எழுத்தைப் பயன்படுத்தும்போது, வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற எழுத்தமைப்புத் தெரிவைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறிவிடும். அதைச் சரிபார்த்த பின், திருத்தக்கூடிய மூலத்தைத் தனியே வைத்துக்கொண்டு, அச்சகத்துக்கான படியில் மட்டும் எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது வெறும் வரைவடிவங்களாக, மாற்றினேன்.

எக்ஸ்போர்ட் கட்டத்தில் பலரும் கவனிக்காமல் கடந்துவிடும் ஓர் எண் உண்டு. இன்டிசைனில் மார்க்குகளின் ஆஃப்செட், அதாவது வெட்டுக்கோட்டிலிருந்து அவை தள்ளி நிற்கும் தூரம், இயல்பாக 2.117 மி.மீ. என்று இருக்கும்; ப்ளீட் 3 மி.மீ. என்றால் மார்க்கின் நுனி படத்துக்குள்ளேயே வந்துவிடும். அதை 4 மி.மீ. ஆக்கினேன். முதுகு மடியும் இடத்துக்கான குறிகளை ப்ளீட்டுக்கு வெளியே, மேலும் கீழும், நான்கு மைகளுக்கும் உரிய நான்கு பிளேட்டிலும் (அச்சுத் தகடு) விழும் ரெஜிஸ்ட்ரேஷன் நிறத்தில் வரைந்தேன். கோப்பு, அச்சகத்தார் கேட்டபடி பி.டி.எஃப்./எக்ஸ்-1ஏ என்ற, அச்சுக்கென்றே உள்ள பி.டி.எஃப். வகை.

அனுப்புமுன் பி.டி.எஃப். மென்பொருளான அக்ரோபாட்டில், ஒவ்வொரு மையையும் தனித்தனியே காட்டும் அவுட்புட் பிரிவ்யூவில் கறுப்புப் பிளேட்டை மட்டும் அணைத்துப் பார்த்தேன். பின்னட்டைச் சிற்றெழுத்துகளும் பார்கோடும் முற்றிலும் மறைந்தன. அதாவது அவை கறுப்பு மையில் மட்டுமே இருந்தன. சாம்பல் நிழலாக எதுவும் மிஞ்சியிருந்தால் அந்த எழுத்து மற்ற மைகளிலும் கலந்திருக்கிறது என்று பொருள். அச்சில் பிளேட் இம்மி விலகினாலும் சிற்றெழுத்து மங்கிப்போகும்.

அட்டை நான்கு பக்கமும் படம் நிறைந்து, தலைப்பு முதுகின் நடுவில் அமைந்து வந்தது. இரண்டாம் அச்சுக்கு 80 ஜி.எஸ்.எம். தாளைத் தேர்ந்தெடுத்தபோது பழைய கோப்பை அப்படியே அனுப்பாமல் மறுபடியும் டம்மி கட்டச் சொன்னேன். முதுகு 9 மி.மீ. ஆகியிருந்தது. மொத்த அகலத்தை 295 ஆக்கி, முதுகின் குறிகளையும் பின்னட்டையையும் நகர்த்திப் புதிய கோப்பை அனுப்பினேன்.