உப்புவெளியில் ஒரு பத்திக் கூரை

திருகோணமலைக்குப் போகிற ஆக்கள் வழக்கமாகக் கோணேசர் கோயில், நிலாவெளிக் கடல், கன்னியா வெந்நீரூற்று என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவார்கள். நான் போனது ஒரு வீட்டின் பத்திக் கூரையைப் பார்க்க. பத்திக் என்றால் மெழுகால் மூடி மூடிச் சாயம் தோய்த்து உருவம் எடுக்கிற துணி, அதை அந்த வீட்டில் அறைக்கு உட்கூரையாக அடித்திருக்கிறார்கள். எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு செலவாகும் என்று ஒழுங்காக எழுதத்தான் நினைத்திருக்கிறேன், ஆனால் அந்தக் கூரை இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது, அதனால் எழுத்து அங்கே இங்கே போகும்.

முதலில் பஸ். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாக நேரடி பஸ் ஓடுகிறது. நான் ஏறியது ஒரு தனியார் பஸ். முன்கூட்டியே சீட் பதிந்து காசும் கட்டியிருந்தேன், ஏறிப் பார்த்தால் என் இலக்கத்தில் ஒரு ஐயா இருக்கிறார், அவர் கையிலும் அதே இலக்கத்தில் டிக்கெட். கண்டக்டரிடம் கேட்டால், "கொஞ்சம் பொறுங்கோ அக்கா, வவுனியாவில ஆக்கள் இறங்குவினம்" என்று எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பலகையைக் காட்டினார். வவுனியா வரைக்கும் செருப்புக்குள்ளால் சூடு ஏறியது, தலைக்கு மேலே பழைய படம் ஒன்று முழுச் சத்தத்தில் ஓடியது. முழுக் காசையும் வாங்கிக்கொண்டு ஒரே சீட்டை இரண்டு பேருக்கு விற்பது களவு, அதற்கு வேறு பெயர் கிடையாது. திரும்பி வரும்போது இ.போ.ச. என்கிற அரசாங்க பஸ்ஸில் வந்தேன். மலிவு, யன்னல் சீட், படம் கிடையாது. அதிலேயே போங்கள்.

திருகோணமலை பஸ் நிலையத்தில் இறங்கினால் அடுத்த வில்லங்கம் ஆட்டோ. உப்புவெளிக்கு ஐந்து கிலோமீட்டர் அளவுதான் இருக்கும். கையில் பயணப்பை இருப்பதைப் பார்த்ததும் 1500 ரூபா என்றார் ஒரு அண்ணை. விடுதிக்கார அக்காவுக்கு அந்த இடத்திலேயே போன் எடுத்தேன், "600க்கு மேலே ஒரு சதம் குடுக்காதைங்கோ" என்றார். பேசிப் பேசி ஆட்டோ அண்ணை 800க்கு இறங்கினார். அந்த 200 ரூபா எனக்கு இன்னும் உறைக்கிறது, ஏனென்றால் இந்தப் பயணத்துக்கு ஒதுக்கிய காசு முழுவதும் என் வீட்டு முன்னறைக்காகச் சேர்த்ததிலிருந்து கிள்ளி எடுத்தது.

சரி, கூரைக்கு வருகிறேன்.

விடுதி என்று பெரிதாக நினைக்க வேண்டாம். கடற்கரை வீதியிலிருந்து ஒரு ஒழுங்கைக்குள், ஓடு போட்ட பழைய வீடு, வாடகைக்கு மூன்று அறைகள். விறாந்தையில் செருப்பைக் கழற்றிவிட்டு ஹோலுக்குள் போனால் சுவர் நாலும் வெறும் வெள்ளை, நிலம் வழுவழுப்பான சிவப்புச் சீமெந்து, பிரம்புக் கதிரை இரண்டு, வேறொன்றும் இல்லை. தலையை நிமிர்த்தினேன். மேலே மரச்சட்டத்துக்குள் மூன்றடிச் சதுரங்களாக பத்திக் துணி, கறுப்பும் இரத்தச் சிவப்பும் கடுகு மஞ்சளும் கருநீலமும். ஒரு சதுரத்தில் சூரியன், ஒன்றில் பிறை, ஒன்றில் திருக்கை மீன் செட்டை விரித்தபடி, ஒன்றில் பனை. என் தலைக்கு நேர் மேலே, கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் பிரெட்ரிக் கோட்டைக்குள் மேய்கிற மான் ஒன்று, கொம்பு நாலு மூலைக்கும் கிளைவிட்டுப் போகிறது. உடம்பு முழுக்க மஞ்சள் புள்ளி, ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் மயிரிழை மாதிரிச் சிவப்புக் கோடுகள். பயணப்பையைத் தோளிலிருந்து இறக்கவே தோன்றவில்லை.

இந்த யோசனை எனா டி சில்வாவுடையது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், 1922இல் பிறந்து 2015இல் மறைந்தவர், மாத்தளை அளுவிகாரைக் குடும்பம். இலங்கையில் பத்திக்கை ஒரு பெரிய கலையாக நிமிர்த்தி வைத்ததில் இவருக்குத்தான் முதல் இடம் என்பேன். 1960களின் தொடக்கத்தில் கொழும்பு அல்பிரட் பிளேசில் கட்டிடக்கலைஞர் ஜெப்ரி பாவா இவருக்கு முற்றம் வைத்து ஒரு வீடு கட்டிக்கொடுத்தார். அந்த வீட்டையே பிற்காலத்தில் கழற்றி, கல்லுக்கும் மரத்துக்கும் இலக்கமிட்டு, பெந்தோட்டைப் பக்கம் பாவாவின் லுணுகங்கைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். லக்கி சேனாநாயக்க போன்ற ஓவியர்களும் ஆரம்பத்தில் எனாவோடு சேர்ந்து வேலை செய்தவர்கள். எனா பழைய கண்டிக் கொடிகளில் இருக்கிற சூரியன், சந்திரன், சிங்கம் எல்லாவற்றையும் எடுத்துத் துணி முழுவதும் நிரம்பும்படி பெருப்பித்தார். பாவா கட்டிய பெந்தோட்டை பீச் ஹோட்டலின் வரவேற்பு மண்டபத்துக் கூரைக்கு பத்திக் செய்ததும், கோட்டே பாராளுமன்றத்துக்குக் கொடிகள் செய்ததும் இவர்தான்.

விடுதிக்கார அக்கா ஒரு கல்யாணவீட்டுக்குப் போன இடத்தில் அந்தப் பெந்தோட்டைக் கூரையைப் பார்த்திருக்கிறார். "அண்டைக்கு நான் சாப்பாட்டையே கவனிக்கேல்ல" என்றார். இந்த வீட்டுக் கூரையில் அளவும் நிறமும் துணிச்சலும் எனாவுடையவை, உருவங்கள் எல்லாம் திருகோணமலை. எனக்கு இது மிகவும் பிடித்தது. ஒரு பெரிய கலைஞரின் சிங்கத்தை அப்படியே பிரதி எடுத்து மாட்டினால் அது வெறும் நகல். அவர் கண்டிக் கொடியைப் பார்த்த மாதிரி நாங்கள் எங்கள் ஊர் மானையும் மீனையும் பார்த்தால்தான் அந்த வடிவம் திரும்ப உயிர்க்கும்.

பின்வளவில் பத்திக் வேலை நடக்கிறது. ஒரு தங்கச்சி மண்ணெண்ணெய் அடுப்பில் மெழுகு உருக்குகிறா, பரபின் மெழுகோடு தேன்மெழுகும் கலந்தது. பரபின் மட்டும் என்றால் நொறுங்கிக் கொட்டும், தேன்மெழுகு மட்டும் என்றால் வெடிக்காது, இரண்டும் வேண்டும். வெள்ளையாக நிற்க வேண்டிய இடத்தை முதலில் மெழுகால் மூடி, துணியை மஞ்சளில் தோய்த்து, காயவிட்டு, மஞ்சளாக நிற்க வேண்டியதை மூடி, சிவப்பில் தோய்த்து, கடைசியில்தான் கறுப்பு. சாயத் தண்ணீர் ஆறியிருக்க வேண்டும், சூடாக இருந்தால் மெழுகு உருகி எல்லாம் பாழ். சிவப்பில் தோய்க்க முன்னர் துணியைக் கையால் கசக்கினா, மெழுகு படபடவென்று வெடித்தது, அந்த வெடிப்புக்குள் சாயம் இறங்கித்தான் மானின் புள்ளிகளைச் சுற்றி அந்தச் சிவப்புக் கோடுகள். எந்த இரண்டு துணியிலும் ஒரே கோடு வராது. முடிவில் கொதிதண்ணீரில் போட்டு மெழுகை எடுப்பார்கள்.

இதைப் பார்த்த பிறகு சுற்றுலாக் கடைகளில் தொங்குவதைப் பார்க்கக் கோபம் வருகிறது. பாதிக்கு மேல் அச்சடித்த துணி. புரட்டிப் பாருங்கள், பின்பக்கம் வெளிறியிருந்தால் அது மெழுகு பத்திக் இல்லை, அதற்கு பத்திக் விலை கொடுக்காதீர்கள். உண்மையான பத்திக்கையும் நாங்கள் பாழாக்குகிறோம், எனா கூரை அளவுக்குப் போட்ட வடிவத்தைச் சின்னதாக்கி குஷன் உறையிலும் மேசை விரிப்பிலும் போட்டு, சாம்பல் நிற டைல்சுக்கும் கிறீம் சுவருக்கும் நடுவில் ஒளித்து வைக்கிறோம். பெரிய வடிவம் பெரிதாக இருந்தால்தான் வடிவு. ஒரு அறைக்கு ஒரு இடம், அது கூரையோ ஒரு முழுச் சுவரோ, மிச்சமெல்லாம் வெறுமையாக இருக்கட்டும்.

எங்கள் ஊர் வெயிலுக்குக் கூரைதான் சரி என்று அக்கா அடித்துச் சொல்கிறார். யன்னல் திரையாகப் போட்டால் சாயம் வெளிறும், கதிரையில் போட்டால் அடிக்கடி தோய்க்க வேண்டும், மேலே என்றால் நேர் வெயிலும் படாது, கையும் படாது. ஒவ்வொரு துணியும் தனிச் சட்டத்தில் இழுத்து அடித்து, கழற்றித் தூசு தட்டக்கூடிய மாதிரித் திருகாணியால் பூட்டியிருக்கிறார்கள். திருகாணி பித்தளையாக இருக்க வேண்டும், கடற்காற்றில் இரும்பு கறள் பிடித்துத் துணியில் இறங்கும். திருக்கை மீனின் வால் பக்கத்தில் அப்படி ஒரு மண்ணிறக் கறையைக் காட்டினார்.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. இரவு குழல் புட்டு, கணவாய்ப் பிரட்டல், தேங்காய்ப்பூச் சம்பல், ஒரு சொதி. கணவாயை இறப்பராக்காமல் சமைக்கத் தெரிந்த குசினி அது. மிளகும் பெருஞ்சீரகமும் சட்டியின் அடியில் சுருண்டு கறுத்து ஒட்டியிருந்ததை அக்கா வழித்துத் தந்தார், அதை மட்டும் வைத்தே இன்னொரு குழல் புட்டுச் சாப்பிட்டிருப்பேன். 1200 ரூபா. கடற்கரையில் வெளிநாட்டாருக்கென்று வைத்திருக்கும் கடைகளில் இதே காசுக்கு ஒரு காய்ந்த சான்ட்விச்தான் கிடைக்கும். அறை, காலைச் சாப்பாட்டோடு 7500, குளிரூட்டி இல்லை, தேவையும் இல்லை.

கோணேசர் கோயிலுக்கும் போனேன், கும்பிட்டேன், போகிற வழியில் நிஜ மான்களைப் பார்த்தபோதுகூட மேலே இருந்த மான்தான் ஞாபகம் வந்தது.

இனிக் கணக்கு. அக்காவிடம் செய்விக்க ஒரு சதுரம் 7000 ரூபா, துணியும் சாயமும் கூலியும் சேர்த்து, சட்டம் எங்கள் செலவு. என் முன்னறை பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு, முழுக்கப் போட 16 சதுரம், 112000 ரூபா. அவ்வளவுக்கு இப்போது வழியில்லை. நடுவில் ஆறடிக்கு ஆறடி மட்டும் போடலாம் என்று நாலு சதுரத்துக்குச் சொல்லி, பாதிக் காசு 14000 கொடுத்துவிட்டு வந்தேன். ஒன்றில் பனை கட்டாயம், ஒன்றில் நாரை, மற்ற இரண்டையும் அந்தத் தங்கச்சியின் கைக்கே விட்டுவிட்டேன்.

நீங்களும் இப்படிச் செய்விக்க நினைத்தால் ஐப்பசிக்கு முன்னரே சொல்லிவிடுங்கள். அங்கே மாரி மழை தொடங்கினால் தை வரைக்கும் துணி காயாது, ஒவ்வொரு சாயத்துக்கும் நடுவில் அது நன்றாகக் காய்ந்தே ஆகவேண்டும், அக்கா அந்த மாதங்களில் ஓடரே எடுப்பதில்லை. கடல் குளிக்கவும் சேர்த்துப் போவதென்றால் வைகாசிக்கும் ஆவணிக்கும் இடையில் போங்கள், ஆட்டோவுக்கு 600தான்.