குரூப் 4 முடிவு: 'வானவில்' என்ற ஒரு சொல்லுக்குப் போட்ட பக்கம்

முடிவு வந்துவிட்டது. தட்டச்சர் பணிக்குத் தரவரிசை நன்றாகவே இருக்கிறது, சான்றிதழ் சரிபார்ப்புக்குக் காத்திருக்கிறேன். இப்போதுதான் நிம்மதியாகத் தூக்கம் வருகிறது. வினாத்தாள் அமைப்பெல்லாம் உங்களுக்கே தெரியும். எனக்கு மதிப்பெண் தந்த பழக்கம் ஒன்றே ஒன்று: பாடவாரியாகக் குறிப்பு எடுக்காமல் சொல்வாரியாக எடுத்தேன். ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம். அது எந்தப் பாடத்தில், எந்தப் பொருளில் வந்தாலும் அதே பக்கத்தில் சேர்க்க வேண்டும்.

முதலில் நிரம்பியது வானவில் பக்கம்தான்.

அறிவியலில் அது நிறப்பிரிகை, அதாவது வெள்ளொளி பல நிறங்களாகப் பிரிவது. மழைத்துளிக்குள் ஒளி விலகி, ஒருமுறை எதிரொளித்து, மறுபடி விலகி வெளியே வருகிறது. சிவப்பு வெளி விளிம்பில், சுமார் 42 பாகையில். ஊதா உள்ளே. இரண்டாம் வானவில்லில் எதிரொளிப்பு இருமுறை, அதனால் நிற வரிசை தலைகீழ். சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். ஆகவே காலையில் மேற்கே, மாலையில் கிழக்கே. உச்சிப்பொழுதில் தரையில் நிற்பவருக்குத் தெரியாது. எங்கள் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) பள்ளிக்கூடம் போகாதவர், ஆனால் மாலை மழை விட்டதும், "கெழக்கால பாரு கண்ணு" என்று சரியாகச் சொல்வார். அந்தக் குரலோடு படித்ததால் திசை எனக்கு மறக்கவே இல்லை.

தமிழில் திருவில், இந்திரவில், இந்திரதனு எல்லாம் இதே வில்தான். வானம் + வில் புணர்ச்சியில் மகரம் கெடும். அவ்வளவு போதும்.

அப்புறம் உருவகமாக வரும் இடங்கள். பல நிறம் ஒரே வில்லில் நிற்பதால், வேறுபட்டவர்கள் சேர்ந்திருப்பதற்கு அது பெயராகிவிட்டது:

- வானவில் தேசம்: தென்னாப்பிரிக்கா. சொன்னவர் அந்நாட்டுப் பேராயர் டெஸ்மண்ட் டுட்டு. 1994இல் மண்டேலா பதவியேற்பு உரையிலும் வந்தது.
- வானவில் கொடி: பால்புதுமையினரின் (LGBTQ) கொடி. 1978, சான் பிரான்சிஸ்கோ, வடிவமைத்தவர் கில்பர்ட் பேக்கர். முதலில் எட்டுப் பட்டை, இன்று பரவலாக ஆறு. இதோடு, ஒருபால் உறவு குற்றமல்ல என்ற 2018இன் 377ஆம் பிரிவுத் தீர்ப்பையும் சேர்த்துப் படியுங்கள்.
- வானவில் கூட்டணி: பல கட்சிகள், பல சமூகங்கள் சேர்வது. செய்தித்தாளில் வரும்.
- வானவில் மன்றம்: தமிழக அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வகுப்பு வரை அறிவியல், கணிதச் செய்முறை. 2022 நவம்பரில் திருச்சியில் தொடக்கம்.
- வானவில் புரட்சி: பசுமை, வெண்மை, மஞ்சள் என்று நிறப் பெயர் கொண்ட வேளாண் புரட்சிகளை ஒன்றாகச் சேர்த்துச் சொல்வது. 2000ஆம் ஆண்டின் தேசிய வேளாண் கொள்கை. ஆண்டுக்கு 4 விழுக்காட்டுக்கு மேல் வளர்ச்சி என்பது இலக்கு.

கடைசியாகச் சொன்னதில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். ஒரு பயிற்சி மையத்தில் புரட்சிகளின் பட்டியலைக் கையில் கொடுத்து, "மனப்பாடம் பண்ணிருங்க" என்றார்கள். ஏன் அந்த நிறம் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பணம் வாங்கிக்கொண்டு அப்படிச் செய்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. பட்டியலை மூடி வைத்துவிட்டு நம்மூரை எடுத்துக்கொண்டேன். வெள்ளிப் புரட்சி முட்டை, அது நாமக்கல். வெள்ளி இழை பருத்தி, அது திருப்பூரும் கோவையும். வட்டப் புரட்சி உருளைக்கிழங்கு, அது மேட்டுப்பாளையம் மண்டி. பசுமைப் புரட்சி உணவு தானியம், அதற்குச் சி. சுப்பிரமணியம் போதும். அறுபதுகளில் வேளாண் அமைச்சர், பொள்ளாச்சிப் பக்கம் செங்குட்டைப்பாளையத்துக்காரர், 1998இல் பாரத ரத்னா.

நம்மூர் ஆட்கள் சறுக்குகிற இடம் இரண்டு. மஞ்சள் புரட்சி என்றதும் ஈரோட்டு மஞ்சளை நினைக்காதீர்கள், அது எண்ணெய் வித்து. காங்கேயம் கொப்பரைக் களத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் கிடைத்தது புவிசார் குறியீடு, அது வேறு கேள்வி. வெண்மைப் புரட்சிக்குக் காங்கேயம் மாட்டைக் கோக்கக் கூடாது, அது உழவுக்கும் வண்டிக்கும் பேர் போனது. வெண்மை என்றால் காலையில் கூட்டுறவுச் சொசைட்டியில் ஊற்றும் பால், அதை முன்னின்று நடத்திய வர்கீஸ் குரியன், 1970இன் வெண்மைப் பெருக்குத் திட்டம்.

இளஞ்சிவப்பு, பழுப்பு இரண்டுக்கும் கையேட்டுக்குக் கையேடு வேறு பொருள் போட்டிருப்பார்கள். பாடநூலில் உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டு நகருங்கள்.

கடகடவென்று ஒப்பிக்கும் நினைவாற்றல் உள்ளவர்களுக்கு இந்த முறை மெதுவாகத் தெரியும். என்னைப் போல இடத்தையும் ஆளையும் பிடித்துக்கொண்டுதான் நினைவில் வைக்க முடியும் என்பவர்கள் கண்டிப்பாகச் செய்து பாருங்கள்.

அடுத்து 'தங்கம்' என்று ஒரு பக்கம் போடுங்கள். தங்க இழை சணல். தங்க நாற்கரச் சாலை டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தாவை இணைப்பது. நாம் தினமும் பார்க்கும் சேலம்-கோவை சாலை அதில் சேராது, அது வடக்கு-தெற்கு வழித்தடத்தில் கொச்சிக்குப் போகும் கிளை.