வலை இழுத்த கை

ஆஸ்பத்திரியின் ஆண்கள் விடுதியில் ஒருவரைச் சேர்க்கும்போது வயது, விலாசத்தோடு "குடிக்கிறனீங்களோ?" என்றும் கேட்க வேண்டும். தாதியாக வேலை தொடங்கிய காலத்தில் அதையும் ஒரே மூச்சில் கேட்டு, "இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவேன்.

திருக்கடலூர்ப் பக்கமிருந்து ஒரு மீனவர் கால் முறிந்து வந்தார். வள்ளம் தள்ளும்போது வழுக்கிவிட்டதாம். கட்டிலைச் சுற்றி மனைவி, தாய், அயலவர்கள். கேட்டேன். "இல்லை மிஸ்ஸி" என்றார். மனைவி சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றது கண்ணில் பட்டது. பட்டும் விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது. கால் நோவாக்கும் என்று நினைத்தேன். மூன்றாம் இரவு எழுந்து உட்கார்ந்து, இல்லாத வலையை இழுக்கத் தொடங்கினார். கை மாற்றிக் கை, தாளம் தப்பாமல். போர்வை முழுக்க மடியில் வந்து சேர்ந்தது. "இழுடா, இழு" என்று பக்கத்துக் கட்டில்காரரை அதட்டினார்.

தினமும் ஏறும் மதுசாரம் மூளையை அமுக்குகிறது. மூளையும் அதை எதிர்த்து வேகமாக ஓடப் பழகிவிடுகிறது. குடி சட்டென்று நின்றால் அந்த வேகம்தான் மிச்சம். முதல் நாளிலேயே நடுக்கம், இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், 48 முதல் 72 மணித்தியாலத்தில் இந்தப் பிதற்றல். கவனிக்காவிட்டால் உயிரே போகும். மூளையின் வேகத்தைத் தணிக்கும் டயசிபாமும் தயமின் (விற்றமின் B1) ஊசியும் போட்டு, விடியும்வரை பக்கத்திலேயே இருந்தோம்.

விடிய, விறாந்தையில் மனைவி சொன்னார்: "ஒரு நாளைக்கு அரைப்போத்தல் மிஸ்ஸி. மாமிக்கு முன்னால என்னெண்டு சொல்லுறது?" பௌர்ணமிப் போயாவுக்குச் சாராயக்கடை பூட்டு என்று முதல் நாளே வாங்கி வைப்பாராம், தவறினால் கசிப்பு என்ற கள்ளச்சாராயம். அதையும் கேட்காமல் விட்டவள் நான்தானே. வீட்டுக்கு அனுப்பும்போது குடியை விடுவதற்கான கிளினிக் துண்டைக் கொடுத்தோம். அவர் சட்டைப் பைக்குள் வைத்தார். மனைவி அதை எடுத்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

இப்போதெல்லாம் உறவினரைத் தேத்தண்ணி வாங்க அனுப்பிவிட்டுத்தான் கேட்கிறேன். அதுவும் வேறு மாதிரி: "அண்ணை, கடைசியா எப்ப எடுத்தனீங்கள்?" போன கிழமை நிலாவெளியிலிருந்து வந்த ஒருவர் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, "நேற்றுப் பின்னேரம், ஏழு மணியிருக்கும்" என்றார். மணித்தியாலத்தை எண்ணி, நேரத்தோடு எழுதிக்கொண்டேன்.