எல்ட்ரிட்ஜ் தெருவின் பனிக்கட்டி

நியூயார்க்குக்கு வரும் நண்பர்கள் நல்ல காக்டெயில் எங்கே கிடைக்கும் என்று கேட்டால், நான் அவர்களை லோயர் ஈஸ்ட் சைடில் உள்ள எல்ட்ரிட்ஜ் தெருவின் 134-ஆம் எண் கட்டடத்துக்குத்தான் அழைத்துச் செல்கிறேன். ‘அட்டாபாய்’ என்னும் அந்த பாரில் கண்ணைக் கவரும் பெயர்ப்பலகை கிடையாது. கதவைத் தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். வெளிச்சம் குறைந்த பார் என்றதும் நம்மூர்க்காரரின் மனத்தில் ஈரமான தரையும் ஊறுகாய்ப் பொட்டலமும்தான் வந்து நிற்கும்; உள்ளே நுழைந்தால், மருந்துக்கடைக்காரரின் நிதானத்தோடு அளந்து ஊற்றிக்கொண்டிருக்கும் ஒருவரைக் காண்போம்.

அட்டாபாய்க்கு முன்பு, இதே இடத்தில்தான் 1999-ஆம் ஆண்டின் கடைசி இரவில் சாஷா பெட்ராஸ்கி என்பவர் ‘மில்க் அண்ட் ஹனி’ என்னும் பாரைத் தொடங்கினார். மாடியில் குடியிருப்பவர்களுக்குத் தொல்லை தரமாட்டேன் என்று கட்டட உரிமையாளருக்கு வாக்குக் கொடுத்திருந்ததால், விளம்பரம் செய்யாமல், முன்பதிவு செய்தவர்களை மட்டும் உள்ளே விட்டார். கூச்சலிடக் கூடாது, ஆண்கள் தொப்பியைக் கழற்றிவிட வேண்டும், அறிமுகமில்லாத பெண்களிடம் தாமாகச் சென்று பேசக் கூடாது என்றெல்லாம் அங்கே விதிகள் இருந்தன. வாக்கைக் காப்பாற்றுவதற்காக வந்த அந்த ஒளிவுமறைவு, பிறகு வந்தவர்களுக்கு வெறும் அலங்காரமாகிப் போனது. 2007-இல் திறந்த ‘பிடிடி’ (‘ப்ளீஸ் டோன்ட் டெல்’) என்னும் பாரில் ஹாட் டாக் கடையின் தொலைபேசிக் கூண்டு வழியாக உள்ளே போவது சுவையான வேடிக்கைதான், ஆனால் அதன்பின் புத்தக அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட எத்தனையோ பார்களில் கதவுக்குக் காட்டிய அக்கறையைக் கோப்பைக்குக் காட்டவில்லை என்பதே என் மனக்குறை.

அட்டாபாயில் மெனு அட்டை கிடையாது. விஸ்கி பிடிக்கும், புளிப்பு வேண்டும், இனிப்பு குறைவாக இருக்கட்டும் என்று சொன்னேன். எனக்குக் கிடைத்தது ‘பெனிசிலின்’. இந்த பாரைத் தொடங்கிய இருவரில் ஒருவரான சாம் ராஸ், மில்க் அண்ட் ஹனியில் வேலை பார்த்தபோது 2005-இல் உருவாக்கியது. ஸ்காட்ச், எலுமிச்சைச் சாறு, தேன், இஞ்சி ஆகியவற்றைச் சேர்த்துக் குலுக்கி, மேலே ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் தயாராகும் புகைவாசம் கொண்ட விஸ்கியைச் சிறிதளவு மிதக்கவிடுகிறார்கள். மூக்கருகே கொண்டுபோனதும் பழைய மருத்துவமனை வாடை அடிக்கிறது. நாக்கில் பட்டதும், சளி பிடித்த நாளில் பாட்டி காய்ச்சித் தந்த இஞ்சிச் சாறு நினைவுக்கு வருகிறது. (பாட்டியிடம் இதைச் சொல்லும் துணிச்சல் எனக்கு என்றுமே இருந்திருக்காது.)

அன்று நான் கவனித்துக்கொண்டிருந்தது விஸ்கியை அல்ல, பனிக்கட்டியை. கலக்கித் தரும் காக்டெயிலில் ஏறக்குறைய கால்பங்கு உருகிய தண்ணீர்தான்; குலுக்கித் தருவதில் அதைவிடவும் கூடுதல். தண்ணீர் குறைந்தால் தொண்டை எரியும், மிகுந்தால் பானம் சப்பென்று ஆகிவிடும். சிறு துண்டுகள் விரைவில் உருகுவதால், பெட்ராஸ்கி தட்டுகளில் பெரிய பாளங்களாக உறையவைத்துக் கையால் வெட்டிப் பயன்படுத்தினார். இன்று நகரத்தின் பல பார்களுக்குப் பனிக்கட்டி நிறுவனங்களே பாளங்களை வெட்டி அனுப்புகின்றன. கிளைன்பெல் என்னும் இயந்திரம் தண்ணீரை அடியிலிருந்து மேல்நோக்கி மெதுவாக உறையவைக்கிறது. மேற்பரப்பில் தண்ணீர் சுழன்றுகொண்டே இருப்பதால் காற்றுக்குமிழ்களும் தாதுக்களும் கட்டிக்குள் சிக்குவதில்லை. மூன்று நாள்களில், சுமார் 136 கிலோ எடையில், பின்னால் இருப்பது தெரியும் அளவுக்குத் தெளிந்த பாளம் ஒன்று கிடைக்கிறது.

நான் பார்த்த பார்டெண்டர் ஒவ்வொரு கலவையிலும் மெல்லிய ஸ்ட்ரா ஒன்றை நுழைத்து, மேல்முனையை விரலால் மூடி எடுத்து, ஒரே ஒரு துளியைச் சுவைத்தார். ஒருமுறை மட்டும் முகம் சுளித்து, முழுவதையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கினார். வரியும் டிப்ஸும் சேர்ந்து ஒரு கோப்பை 20 டாலரைத் தாண்டுகிறதே என்று முணுமுணுத்துக்கொண்டிருந்த நண்பர் அப்போதுதான் அடங்கினார்.

அந்தத் தெளிவை வீட்டிலும் முயன்று பார்த்தேன். வழி எளியது: சிறிய கூலர் பெட்டியில் தண்ணீர் நிரப்பி, மூடியில்லாமல் ஃப்ரீசரில் வைத்தால், பக்கங்கள் குளிரைத் தடுப்பதால் மேலிருந்து கீழாக மட்டுமே உறைகிறது, கலங்கல் எல்லாம் அடியில் ஒதுங்கிவிடுகிறது. மறுநாள் அடிப்பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, கண்ணாடி போன்ற துண்டொன்றைக் கோப்பையில் இட்டு விஸ்கியை ஊற்றினேன். பார்வைக்குக் குறையொன்றும் இல்லை. முதல் மடக்கிலேயே பெருங்காயம் மணந்தது. திறந்த பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு டப்பா சாம்பார் இருந்ததை நான் கவனிக்கவே இல்லை.