களைப்புக்குக் காரணம் தேடிப் போனபோது

அறுபத்து மூன்று வயதில் எனக்கு வந்த களைப்பு, வேலை செய்து வருகிற அலுப்பு அல்ல. அதை எனக்கு நன்றாகத் தெரியும். முப்பது வருடத்துக்கு மேல் கணிதம் படிப்பித்தவள் நான். வேலை அலுப்பு ஒரு நித்திரையோடு போய்விடும். இது நித்திரையால் எழும்பும்போதே கூட எழும்பியது. கொழும்பு வெள்ளவத்தைச் சந்தைக்குப் போய் மரக்கறி வாங்கிக்கொண்டு வந்தால், லிஃப்ட் இல்லாத எங்கள் மாடி வீட்டில் இரண்டாம் மாடித் திருப்பத்தில் பையை வைத்துவிட்டு நிற்க வேண்டியிருந்தது. பின்னேர வகுப்பில் சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குக் காரணிப்படுத்தல் சொல்லிக்கொடுக்கும்போது, பாதி வழியில் அடுத்த படி என்னவென்று யோசிக்க வேண்டி வந்தது. அதுதான் என்னை உண்மையாகப் பயப்படுத்தியது.

எல்லாரும் சொன்ன பதில் ஒன்றுதான்: வயசு. என் கணவரும் அதையே சொன்னார். வீட்டிலே எண்பத்தெட்டு வயதில் மாமி இருக்கிறா. அவ மட்டும், "பிள்ளை, உன்ரை வயசிலை நான் பகலிலை படுத்ததே இல்லை. நீ ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டு" என்றா. மாமியின் கணக்குச் சரி என்று எனக்குப் பட்டது. வயது கூடுவதால் வரும் தளர்ச்சி வருடக்கணக்கில் மெல்ல மெல்ல வரும். எனக்கு ஒரு தைப்பொங்கலுக்கும் அடுத்த தீபாவளிக்கும் இடையில் வந்திருந்தது. இவ்வளவு விரைவாக இறங்கியதற்கு வேறு காரணம் இருந்தாக வேண்டும்.

முதலில் போன இடத்தில் பலன் இல்லை. பின்னேரம் சனல் பண்ணி (தனியார் வைத்தியரிடம் நேரம் பதிவு செய்து), இலக்கம் வரும்வரை இருந்து, உள்ளே போனால் ஐந்து நிமிடம். "களைப்பாயிருக்கு டொக்டர்" என்றேன். விற்றமின் குளிசை எழுதித் தந்தார், வயதுக்கு இது வழமை என்றார். அந்த ஐந்து நிமிடத்துக்குள் சரியான தகவல் போய்ச் சேர வேண்டும் என்று அன்றைக்கு விளங்கியது. வீட்டுக்கு வந்து சதுரக்கோட்டுக் கொப்பி ஒன்றில் கட்டம் போட்டேன். காலையிலிருந்து இரவு வரை ஒவ்வொரு இரண்டு மணித்தியாலத்துக்கும் உடம்பில் எவ்வளவு தெம்பு என்று பூச்சியத்திலிருந்து ஐந்து வரை புள்ளி. பக்கத்தில் சாப்பாடு, நித்திரை, குடித்த மருந்து. சில வாரம் எழுதினதும் படம் தெரிந்தது. பகல் பதினொன்றிலிருந்து மூன்று மணிவரை புள்ளி விழுந்து கிடந்தது. மாமி இரவில் எழும்பின நாளுக்கு அடுத்த நாள் முழுக்க விழுந்தது. ஓரத்தில் நான் கிறுக்கி வைத்திருந்த வேறொன்றும் திரும்பத் திரும்ப வந்தது: இரவில் இரண்டு பாதமும் விறைக்கிறது, எறும்பு ஊருகிறது.

அந்தக் கொப்பியையும், வீட்டில் நான் குடிக்கிற எல்லாக் குளிசையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, கொட்டாஞ்சேனையில் எங்களுடைய பழைய குடும்ப வைத்தியரிடம் போனேன். இந்த முறை பேச்சைத் தொடங்கிய விதம் வேறு. "போன பொங்கலுக்கு நிக்காமல் மூன்று மாடி ஏறினனான் டொக்டர். இப்ப இரண்டாம் மாடியிலை நிக்கிறன். இரவிலை கால் விறைக்குது." அவர் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். களைப்பு என்ற சொல்லுக்குள் நூறு நோய் அடங்கும். முன்னர் முடிந்த எது இப்போது முடியவில்லை என்று சொன்னால் வைத்தியருக்குத் தேடப் பிடி கிடைக்கிறது.

மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு இறுக்குகிறதா, நிறை காரணமில்லாமல் குறைந்ததா, மலம் கறுப்பாகப் போகிறதா என்று கேட்டார். இந்த நாலில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது என்றார். நெஞ்சு இறுக்கமோ திடீர் மூச்சுத் திணறலோ வந்தால் யோசிக்காமல் 1990 க்கு அடித்து சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். அதற்குக் காசு இல்லை. மனம் எப்படி இருக்கிறது, முன்னர் விருப்பமாயிருந்த காரியங்களில் இப்போதும் விருப்பம் இருக்கிறதா என்றும் கேட்டார். வயது போனவர்களின் மனச்சோர்வு கண்ணீராக வராமல் களைப்பாகவே வருவதும் உண்டாம். இதைக் கேட்கிற வைத்தியர் கிடைப்பது பெரிய விஷயம்.

பிறகு இரத்தப் பரிசோதனைகள்: இரத்த அணுக்களை எண்ணும் எப்பிசி, தைரொயிட்டுக்கு ரீஎஸ்எச், சிறுநீரகத்துக்குக் கிரியற்றினின், மூன்று மாதச் சீனிக்கு எச்பிஏவன்சி, இரும்புச் சேமிப்புக்கு ஃபெரிற்றின், விற்றமின் பி12. இதயத்துக்கு ஈசிஜியும் எடுத்தோம். தனியார் ஆய்வுகூடத்தில் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தால் கை கடிக்கும். வசதி குறைந்தவர்கள் அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக்கில் காட்டி, அவர்கள் எழுதுவதை அங்கேயே இலவசமாகச் செய்யலாம். காத்திருப்பு மட்டும் கூட.

ரிப்போர்ட்டில் தைரொயிட் சரி, சிறுநீரகம் சரி. ஹீமோகுளோபின் பெண்களுக்குச் சொல்லப்படும் 12 கிராம்/டெசிலீற்றர் எல்லைக்குக் கொஞ்சம் கீழே, அதாவது இலேசான இரத்தச் சோகை. பி12 நன்றாகக் குறைந்திருந்தது. வைத்தியர் என்னுடைய குளிசைப் பையைக் காட்டினார். "நீங்கள் கனகாலமா மெட்ஃபோர்மின் எடுக்கிறீங்கள்தானே. சைவச் சாப்பாடும். ரெண்டும் சேர்ந்து இதைச் செய்திருக்கு."

நீரிழிவுக்கு மெட்ஃபோர்மின் குடிக்கிற நாங்கள் எத்தனை பேர் இந்த நகரத்தில்! அந்த மருந்து உணவிலிருந்து பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. எவ்வளவு கூடிய அளவில், எவ்வளவு காலம் குடிக்கிறோமோ அவ்வளவுக்கு இது நடக்க வாய்ப்பு அதிகம். 2022 இல் பிரித்தானிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு, இது மெட்ஃபோர்மினின் பரவலான பக்கவிளைவு என்று வைத்தியர்களுக்கு அறிவித்தது. பி12 இயற்கையாக இருப்பது மீன், இறைச்சி, முட்டை, பால் போன்றவற்றில்தான். மரக்கறியும் கீரையும் எவ்வளவு சாப்பிட்டாலும் அது கிடைக்காது. சாப்பிடும் உணவில் குறைவு, உள்ளே போவதிலும் குறைவு என்றால், ஈரலில் இருக்கும் சேமிப்புத் தீர வருடங்கள் எடுக்கும். தீர்ந்த பிறகுதான் களைப்பு, பாதம் விறைத்தல், நாக்கு எரிதல், மறதி எல்லாம் தலைகாட்டும். வகுப்பில் அடுத்த படி மறந்ததற்கும் இது காரணமாயிருக்கலாம் என்று அவர் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்னொன்றையும் அழுத்திச் சொன்னார். இரத்தச் சோகைதானே என்று ஃபோலிக் அசிட் குளிசையை மட்டும் தாங்களாகவே வாங்கிக் குடிக்கக் கூடாது. பி12 குறைவாயிருக்கும்போது அது இரத்தத்தைச் சரிபோலக் காட்டும். நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும். எப்பிசி சரியாக இருந்தும் பி12 குறைந்திருப்பதும் உண்டு. ஆகவே மெட்ஃபோர்மின் குடிக்கிறவர்கள் பி12 ஐத் தனியாகக் கேட்டுப் பார்ப்பது நல்லது. மெட்ஃபோர்மினை நிறுத்த வேண்டியதில்லை, நான் நிறுத்தவும் இல்லை.

முதலில் ஊசி, பிறகு குளிசை. சில வாரத்தில் காலையில் எழும்புகிற பாரம் குறைந்தது. பாதம் அவ்வளவு விரைவில் திரும்பவில்லை; மாதங்கள் எடுத்தது, இப்போதும் மழைக் குளிரில் கொஞ்சம் விறைக்கும். நரம்பு மெதுவாகத்தான் ஆறும்.

பையில் இருந்த மற்றக் குளிசைகளிலும் ஒன்று வெளியே போனது. தும்மலுக்கு இரவில் குடிக்கிற பிரிற்றோன் (குளோர்ஃபெனிரமீன்) குளிசை. அந்த வகைப் பழைய ஒவ்வாமைக் குளிசைகள் வயது போனவர்களுக்கு அடுத்த நாளும் மந்தத்தைத் தரும், தடுமாறி விழவும் வைக்கும். பிரஷர் குளிசைகளில் அற்றெனோலோல் போன்ற சிலவும் களைப்பைத் தரலாம். ஆனால் அவற்றைத் திடீரென நிறுத்துவது ஆபத்து, வைத்தியரிடம் கேட்டு மாற்றுவதுதான் வழி.

ஊசிக்கும் குளிசைக்கும் அடங்காதது இரவு. மாமி இரவில் மலசலகூடம் போக எழும்பும்போது எப்போதும் நான்தான் எழும்புவேன். கொப்பியைக் காட்டி இவரிடம் கேட்டேன். "இஞ்சேருங்கோ, ஒருநாள் விட்டு ஒருநாள் நீங்கள் எழும்ப ஏலுமே?" கொஞ்ச நேரம் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ரை அம்மாதானே, நான் பாக்கிறன்" என்றார். அவ்வளவுதான் கதை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு எத்தனை வருடம் எடுத்தது என்பதை எங்கள் பெண்கள் விளங்கிக்கொள்வார்கள். மருந்தால் வந்த மாற்றத்துக்குக் குறையாத மாற்றம் இதால் வந்தது.

இதெல்லாம் செய்தும் ஐம்பது வயது உடம்பு திரும்பி வரவில்லை. எஞ்சியதுதான் உண்மையான வயது. அதிலும் பெரும்பகுதி தசையைப் பற்றியது. நடுவயதுக்குப் பிறகு தசை மெல்லக் குறைந்துகொண்டே வரும், அறுபதுக்குப் பிறகு வேகம் கூடும். காலில் தசை குறைந்தால் அதே மூன்று மாடி ஏற உடம்பு தன் பலத்தில் கூடிய பங்கைச் செலவழிக்கிறது. அதைத்தான் நாங்கள் களைப்பு என்கிறோம். வீட்டிலேயே பார்க்கக் கூடிய சோதனை ஒன்று உண்டு. சுவரோடு சாத்திய கதிரையில் இருந்து, கையை நெஞ்சில் குறுக்கே கட்டி, 30 செக்கனில் எத்தனை தரம் முழுதாக எழும்பி இருக்க முடிகிறது என்று எண்ணுவது. 60 இலிருந்து 64 வயது வரையான பெண்களுக்கு 12 க்குக் குறைந்தால் கால் பலம் சராசரிக்குக் கீழே, ஆண்களுக்கு 14. நான் கீழேதான் இருந்தேன்.

அந்தச் சோதனையையே பயிற்சியாக்கினேன். சோறு அவியும் நேரத்தில் கதிரையில் இருந்து எழும்புதல், குசினிச் சிங்கைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குதல். நடை வேறு, இது வேறு. உலக சுகாதார நிறுவனம் 2020 இல் சொன்னபடி வாரத்துக்கு 150 நிமிட நடை போன்ற அசைவோடு, குறைந்தது இரண்டு நாள் தசைக்கு வேலையும் வேண்டும். மரைன் டிரைவில் நடக்கிற எங்கள் வயதுக்காரர் பலர் நடையோடு நிறுத்திவிடுகிறார்கள், எனக்கு அது கவலைதான்.

சாப்பாட்டில் நான் கண்டது இது. காலையில் இடியப்பமும் சொதியும் சம்பலும் என்றால் புரதம் மிகக் கொஞ்சம். வயது போனவர்களுக்கு ஒரு கிலோ நிறைக்கு ஒரு கிராம் தொடக்கம் 1.2 கிராம் வரை வேண்டும் என்கிறார்கள். 55 கிலோ உள்ள எனக்கு நாளுக்கு 55 இலிருந்து 66 கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் கூட்டக் கூடாது. இப்போது காலையில் அவித்த கௌபி அல்லது கடலை, மத்தியானம் பருப்போடு சோயாமீற், இரவில் தயிர். வெள்ளிக்கிழமையும் விரத நாளும் தவிர முட்டையும் சேர்ப்பது என்று மாமியைக் கேட்டு முடிவு செய்தேன். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிப்பதை விட்டேன். அது கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கலாம்.

கொழும்பு வெக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வருடம் முழுக்கப் புழுக்கம், பங்குனி சித்திரையில் தாங்கேலாது. வியர்வை காயாத காற்றில் இதயம் கூடுதலாக வேலை செய்கிறது, வயது போனால் தாகமும் சரியாகத் தெரிவதில்லை. சந்தையைக் காலை ஏழுக்கு முன் முடிக்கிறேன். பதினொன்றிலிருந்து மூன்றுவரை காலி வீதிப் பக்கம் போவதில்லை. மத்தியானம் அரை மணித்தியாலம் மட்டும் சாய்வேன். அதற்கு மேல் படுத்தால் இரவு நித்திரை கெடும். ஒரே நாளில் இரண்டு கலியாண வீடு என்றால் ஒன்றுக்கு இவர் மட்டும் போவார். ஆடிவேல் ரதத்தோடு செட்டியார் தெருவிலிருந்து நடந்த காலம் உண்டு. இப்போது பம்பலப்பிட்டிக் கோயிலடியில் கதிரை போட்டு இருந்து கும்பிடுகிறேன். முருகனிடம் அதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியதாக எனக்குப் படவில்லை.

பி12 ஐ இனி வருடத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறார். கதிரைச் சோதனையில் 12 ஐத் தாண்டிவிட்டேன். சித்திரை விடுமுறை முடிந்ததும் வகுப்பு மறுபடி தொடங்குகிறது: வாரத்தில் நாலு நாள், ஐந்து மணிக்கு. பிள்ளைகளின் பெற்றோருக்குச் சொல்லியாயிற்று.