அந்தக் கேஷ் வேறு, இந்தக் கேஷ் வேறு

ஆண்டு மலருக்காக எட்டாம் வகுப்பு மாணவன் எழுதித் தந்த கட்டுரையில், ஆங்கிலத்தின் கேஷ் நம்முடைய காசிலிருந்து பிறந்தது என்ற வரியை நான் ஏற்கவில்லை. ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ், பெட்டி என்று பொருள்படும் 'காப்ஸா' என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது. முதலில் பணப்பெட்டியையும், பிறகு அதற்குள் இருந்த பணத்தையும் குறித்தது. பொறுமையாகத்தான் சொன்னேன். அவன் காகிதத்தில் மடித்து வைத்திருந்த செப்புக் காசொன்றை மேசைமேல் வைத்தான். நகத்தளவு, சங்கு பாதி தேய்ந்த திருவிதாங்கூர்க் காசு.

"அப்போ இதுக்கு இங்கிலீஷ்ல என்ன பேரு சார்?"

"கேஷ்தான். ஆனா இது வேற கேஷ்."

அந்தப் பதிலில் பிழையில்லை. எங்கள் செங்கோட்டை 1949 வரை திருவிதாங்கூரையும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தையும் சேர்ந்த ஊர். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம் என்று இங்கே கணக்குப் பார்த்திருக்கிறார்கள். தமிழின் காசு போர்த்துகீசியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போய், அங்கே ஏற்கெனவே இருந்த கேஷின் எழுத்தையும் ஒலியையும் பெற்றுவிட்டது. ஒரே ஒலியில் 'நிலையான' என்றும் 'எழுதுபொருள்' என்றும் பொருள் தரும் ஸ்டேஷனரி (stationary, stationery) இணையை வகுப்பில் நடத்துவது இத்தனை கடினமில்லை. ஓரிடத்தில் நிலையாகக் கடைபோட்ட நூல்வணிகரின் பெயரே எழுதுபொருளுக்கும் ஆயிற்று என்றால் பிள்ளைகள் மறப்பதில்லை. கேஷ் கதையில் வேர் இரண்டு, முகம் ஒன்று.

இரண்டையும் எழுதி வரச் சொன்னேன். மறுநாள் அந்தப் பத்தியையே அடித்துவிட்டு வந்தான்; குழப்பமாக இருக்கிறதாம். அச்சகத்துக்கு அனுப்ப வேண்டிய நாள் என்பதால் அப்படியே அனுப்பினேன்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே காசு இருக்கிறதே, அந்த வரியை அப்படியே இருக்க விட்டிருக்கலாமே என்றார் தமிழாசிரியர். இலத்தீன் சொல் அதைவிடப் பழையது. பழமையைக் கொண்டு பிறப்பைத் தீர்மானிக்க முடியாது என்பதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்தில்லை. பள்ளி மலரில் அச்சேறிய தவறு பிறகு சான்றாகவே நடமாடத் தொடங்கிவிடும். ஆனாலும், தவறான வரியோடு சேர்ந்து, தன் கையிலிருந்த காசைப் பற்றி அவன் எழுதியிருக்கக்கூடிய மெய்யும் மலரில் இடம்பெறாமல் போயிற்று. பெட்டியிலிருந்து தொடங்காமல் செப்புக் காசிலிருந்து தொடங்கியிருந்தால் அந்தப் பத்தி பிழைத்திருக்குமோ என்று தோன்றுகிறது. அப்படித் தொடங்கியிருந்தால் இலத்தீன் பெட்டியை அவன் காதில் வாங்கியே இருக்க மாட்டான் என்றும் தோன்றுகிறது.